ஜப்பான் பனிக்குச் செய்த டயரும் நம்மட மாரி மழையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்புபவர்களும் மட்டும் பொறுமையாக வாசித்தால் போதும். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர்கள் நம்மட ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கதை.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, நம்மட தெருக்களில் மறுபடியும் ஜப்பான் வாகனங்கள் வந்து இறங்குகின்றன. ஐந்து வருடம் காத்திருந்த சனம். சந்தோசம்தான். வாகனம் வந்த அன்று பார்க்க வருபவர்கள் மைலேஜைப் பார்ப்பார்கள், ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள், ஏலத்தில் என்ன தரம் என்று கேட்பார்கள். கடைசியில் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஒரு வசனம் சொல்வார்கள்: "நாலும் ஒரிஜினல் ஜப்பான் டயர், தவாளிப்பெல்லாம் ஆழமா இருக்கு, இன்னும் மூணு வருசத்துக்குத் தொடத் தேவையில்ல."

இந்த வசனத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. தவாளிப்பு ஆழமாக இருப்பது உண்மை. ஜப்பான் டயர் என்பதும் உண்மை. ஆனால் அந்த டயர் எதற்காகச் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானின் வடபகுதியில், ஹொக்கைடோ, தொஹோகு பக்கமெல்லாம், மாதக்கணக்கில் றோட்டில் பனி உறைந்து கிடக்கும். முன்பு அங்கே டயரில் இரும்பு ஆணி பதித்து ஓடினார்கள். ஆணி பனியைப் பிடித்தது, ஆனால் பனி இல்லாத இடத்தில் தாரைச் சுரண்டியது. அந்தத் தூசி நகரங்களின் காற்றையே கெடுத்தது. செண்டாய் நகரத்து மக்கள் இதற்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். 1990இல் ஆணி டயரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் பிறகு பரவியதுதான் ஆணி இல்லாத பனி டயர், அவர்கள் 'ஸ்டட்லெஸ்' என்று சொல்வது. ஆணி செய்த வேலையை இதில் றப்பர் செய்கிறது. கடுங்குளிரிலும் இறுகாமல் மெதுமெதுவென்று இருக்கும் றப்பர். அதன் கட்டைகளில் தாள் போல மெல்லிய, வளைந்து வளைந்து போகும் நூற்றுக்கணக்கான கீறல்கள். நல்ல கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமில்லை.

குளிர்காலம் முடிந்ததும் அங்குள்ளவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டயரைப் பூட்டுவார்கள். கழற்றாமல் ஏலத்துக்குப் போகும் வாகனம் பனி டயரோடேயே கப்பல் ஏறுகிறது. நம்மட ஊருக்கும் வருகிறது. பாவித்த டயர் விற்கும் கடைகளிலும் இதே சாதி டயர்கள் தனியாகக் கிடைக்கின்றன. பார்வைக்குத் தடித்த கட்டை, ஆழமான பள்ளம். மழைக்கு இதைவிட நல்ல டயர் ஏது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கேதான் ஏமாற்றம். டயர் உலகில் பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் பனி டயரின் றப்பர் நன்றாக வேலை செய்யும், அதற்கு மேலே சாதாரண டயரின் றப்பர். நம்மட கரையோரம் மாரியின் மிகக் குளிரான சுபஹு நேரத்திலும் 7 பாகையைக் கண்டதில்லை. நுவரெலியாவில் தை, மாசி விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவதைப் பார்க்க நாம் வேன் பிடித்துப் போகிறோம். வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். அதைத் தவிர இலங்கையில் அந்த றப்பருக்கு வேலை இல்லை. நம்மட பகல் வெயிலில் தார் றோட்டில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்தச் சூட்டில் பனி டயரின் கட்டைகள் நெளியும். பிரேக் அடித்தால் றப்பர் கட்டை றோட்டைப் பிடிப்பதற்கு முன் தான் வளைந்து கொடுக்கும். வளைவில் திருப்பினால் வண்டி ஒரு கணம் பிந்தித் திரும்பும். ஈரத் தாரில் நின்றுபோக எடுக்கும் தூரமும் கூடும். ஜப்பானிலேயே, கோடையில் இதைப் பூட்டிக்கொண்டு ஓடாதீர்கள் என்று டயர் கம்பனிகள் தம் சொந்த வாடிக்கையாளருக்குச் சொல்கின்றன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த மெதுமை நிலைத்து நிற்பதும் இல்லை. வருடங்கள் போகப்போக, சூட்டில் கிடக்கக் கிடக்க, றப்பர் இறுகிவிடும். எட்டு வருடப் பழைய பனி டயர் பனிக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? டயரின் பக்கவாட்டைக் கழுவிவிட்டு வாசியுங்கள். 'ஸ்டட்லெஸ்' என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருப்பார்கள். அளவோடு சேர்ந்து வரும் கடைசி எழுத்தையும் பாருங்கள். 165/70 ஆர் 14, 81 கியூ என்று இருந்தால், அந்தக் 'கியூ' மணிக்கு 160 கிலோமீற்றர் வேகம் வரைக்குமான டயர் என்று பொருள். ஜப்பானின் பனி டயர்களில் இந்த எழுத்து அதிகம். சாதாரண கார் டயரில் எஸ், டி, எச் என்று வரும். கியூவைக் கண்டால் மற்றதையும் வாசித்துப் பார்க்காமல் காசை எடுக்க வேண்டாம்.

இப்போது 'ஓல் சீசன்' விடயத்துக்கு வருவோம். "பனி டயர் வேணாம், அப்ப ஓல் சீசன் போடலாமே, எல்லாக் காலத்துக்கும் சரிதானே?" என்று கேட்பவர்கள் நிறைய. பெயர்தான் ஆளை இழுக்கிறது. ஆனால் அந்த 'எல்லாக் காலம்' நம்மட காலம் இல்லை. மழையும் ஓடும், வெயிலும் ஓடும், அத்தோடு மார்கழியில் கொஞ்சம் பனியும் விழும் என்ற நாட்டுக்காரருக்கு வருடத்தில் இரண்டு தடவை டயர் மாற்றுகிற செலவை மிச்சப்படுத்தச் செய்ததுதான் ஓல் சீசன். லண்டனிலோ லெஸ்டரிலோ இருக்கும் நம்மட மச்சான்மாருக்கு அது பொருத்தமான தெரிவு. அங்கே பனி விழுவது வருடத்தில் சில நாள், மழை மற்ற எல்லா நாளும்.

அவர்களும் வாசித்துக்கொண்டிருக்கலாம் என்பதால் ஒரு விடயத்தை இங்கே சொல்லிவிடுவோம். டயரில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்தும் நடுவில் ஒரு கூட்டல் குறியும் இருந்தால் அது சேறு, பனி என்பதன் சுருக்கம். அதைக் கம்பனி தானே போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பரீட்சை எதுவும் இல்லை. மூன்று முகடுள்ள மலையும் உள்ளே ஒரு பனித்துகளும் உள்ள சின்னம் இருந்தால்தான் அந்த டயர் பனியில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. 2024 ஒக்டோபரிலிருந்து ஜெர்மனியில் குளிர்காலத் தேவைக்கு இந்தச் சின்னம் உள்ள டயரைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள், எழுத்து மட்டும் போதாது. கனடாவில் கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மொன்றியலில் இருப்பவர் ஓல் சீசன் வாங்கப் போனால் அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நமக்கு இந்தப் பஞ்சாயத்து ஒன்றும் தேவையில்லை. வெளிநாட்டில் 'சம்மர் டயர்', அதாவது கோடை டயர், என்று சொல்கிறார்களே, அதுதான் நம்மட டயர். பெயரைக் கேட்டு அது வெயிலுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. சூடான காலத்து ஈர றோட்டில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதும் அதன் வேலைதான். நம்மட மாரி என்பது சூடான மழை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் புது டயர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். களனியில் செய்கிற சியெட் டயரும் இதற்குள் வரும். 1876இல் ஹெனரத்கொடையில் முதல் றப்பர் மரத்தை நட்ட நாடு இது. நம்மட நாட்டு டயர் என்றதும் முகம் சுளிப்பதும், ஜப்பான்காரன் கழற்றிவிட்டதைக் கண்டதும் மலர்வதும் ஒரு வேடிக்கைதான்.

மழையில் டயருக்கு என்ன வேலை என்று கொஞ்சம் பார்ப்போம், வகுப்பு எடுக்கிற பழக்கம் விடாது. ஒரு கார் டயர் றோட்டைத் தொடுகிற இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கையில்தான் முழு வண்டியும் நிற்கிறது. றோட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது அந்த உள்ளங்கைக்கு அடியில் உள்ள தண்ணீரை தவாளிப்புகள் பக்கவாட்டிலும் பின்னாலும் தள்ளிவிட வேண்டும். தள்ளி முடிப்பதற்குள் வண்டி முன்னேறிவிட்டால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக் அடித்தாலும் பிடிக்காது. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரை மாரியில் ஓடியவர்களுக்கு ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி ஆவது எப்படி இருக்கும் என்று தெரியும்.

இது எந்த வேகத்தில் நடக்கும் என்பதற்கு 1960களில் அமெரிக்காவின் நாசா விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டது. டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் கண்டு, அதை 10.35ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். தேய்ந்த டயருக்கும், பள்ளத்தின் ஆழத்தைவிடத் தண்ணீர் உயர்ந்த இடத்துக்கும் இது பொருந்தும். 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஏறக்குறைய மணிக்கு 91 கிலோமீற்றர். காற்று 20க்கு இறங்கியிருந்தால் ஏறக்குறைய 75 கிலோமீற்றர். சாதாரண தரத்துப் பிள்ளை கல்குலேற்றரில் போட்டுப் பார்க்கலாம். காற்றுக் குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும் என்பதுதான் விடயம். "மழைக்குக் கொஞ்சம் காத்தைக் குறைச்சு விட்டா நல்லாப் பிடிக்கும்" என்று நம்மட பக்கம் சொல்வார்கள். மணலில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு அது சரி. மழை றோட்டுக்கு அது தலைகீழ்.

தவாளிப்பின் ஆழத்துக்கு வருவோம். புது கார் டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் இருக்கும். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், அவை 1.6 மில்லிமீற்றர் உயரம். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. ஐரோப்பாவில் சட்டத்தின் எல்லையும் அதுதான். ஆனால் அந்த எல்லை வரைக்கும் ஓட்டலாம் என்று அதை வாசிக்கக் கூடாது. மழையில் பிடிமானம் அதற்கு வெகு முன்னமே குறையத் தொடங்கிவிடும். 3 மில்லிமீற்றரில் மாற்றிவிடுங்கள் என்று சொல்பவர்கள் அதனால்தான் சொல்கிறார்கள், நாமும் அந்தப் பக்கம்தான். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்துக்குள் விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு இடத்தில் மட்டும் பார்க்காமல் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பாருங்கள். அலைன்மென்ட் பிழைத்த வண்டியில் வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்பக்கம் மொட்டையாக இருக்கும்.

புதிதாக வாங்கும்போது பக்கவாட்டில் இன்னும் இரண்டு விடயம் பார்க்கலாம். அமெரிக்கத் தரக்குறியீடு பல கார் டயர்களில் பொறித்திருக்கும். அதில் 'டிராக்ஷன்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று ஒன்று வரும். அது ஈர றோட்டில் நேராகப் போய் பிரேக் அடித்துப் பார்த்த தரம். ஏக்குக் குறைந்தால் மாரி ஓட்டத்துக்கு எடுக்காதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே 'டிரெட்வெயார்' என்று 300, 400, 500 என ஒரு எண் இருக்கும். கடைக்காரர் விரலால் காட்டுவது இதைத்தான், "ஐநூறு, நல்லா ஓடும்" என்று. அது தேயாமல் ஓடுகிற கணக்கு, பிடிக்கிற கணக்கு இல்லை. தேயாத றப்பர் பல நேரம் வழுக்குகிற றப்பரும்தான்.

மற்றது வயது. 'டொட்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம் டயரின் பிறந்த நாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் மேலே அடுக்கி, பொலித்தீன் சுற்றி, 'பிராண்ட் நியூ' என்று தருவது நாலு வருடத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். கேட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு நமக்கு வெட்கம் வருகிறது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்க வராத வெட்கம் டயர் கடையில் மட்டும் ஏன் வர வேண்டும்?

இவ்வளவும் கார் வைத்திருப்பவருக்கு. இந்தப் பதிவை எழுத வைத்தது கார் அல்ல, பாடசாலை வேன்.

மழை நாளில் காலை ஏழு மணிக்குப் பிறகு பாடசாலை வாசலில் நிற்கிற எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு, வரிசையாக வரும் வேன்களின் டயர் கண்ணில் படாமல் போகாது. குடை பிடித்துப் பிள்ளைகளை இறக்கும்போது தலையைக் குனிந்தால் முதலில் தெரிவது அதுதான். நல்ல டயரோடு வருகிற வேன்களும் இருக்கின்றன, மாஷா அல்லாஹ். பள்ளமே தெரியாத டயரோடு வருகிறவையும் இருக்கின்றன. பின்னால் ஒரு பக்கம் பனி டயர், மறுபக்கம் ரீபில்ட் டயர், முன்னால் வேறு இரண்டு கம்பனி என்று நாலு டயரும் நாலு குணத்தோடு வருகிற வேனும் இருக்கிறது. அதற்குள் இருபது பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு 30 கிலோ என்று வைத்தாலும் 600 கிலோ, புத்தகப் பைகளை விட்டு.

வேனுக்கு டயர் எடுப்பதில் காரில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 195/80 ஆர் 15 என்ற அளவிலேயே இரண்டு சாதி டயர் இருக்கிறது. ஒன்றில் 107/105 என்று எண் இருக்கும், அது வேனுக்கும் சிறு லொறிக்கும் உரியது. மற்றதில் 96 என்று இருக்கும், அது ஜீப், கார் வகைக்கு. 107 என்றால் ஒரு டயர் 975 கிலோ தாங்கும். 96 என்றால் 710 கிலோ. அளவு ஒன்றுதான், ரிம்மில் அழகாகப் பூட்டுப்படும், விலை குறைவு. ஆனால் ஒரு டயருக்கு 265 கிலோ வித்தியாசம். பாரம் தாங்காத டயர் சூடேறும், பக்கவாட்டில் வெடிப்பு வரும். 'கெடெச்சிச்சு, போட்டேன்' என்று சொல்லி முடித்துவிடக் கூடிய விடயம் இல்லை இது.

ரீபில்ட் டயரை முழுதாக ஒதுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தால் அது மோசமான பொருள் அல்ல, விமானங்களின் டயர்களுக்கே மேல் றப்பர் மாற்றிப் பாவிக்கிறார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் இரட்டைச் சில்லில் அது ஓடட்டும். ஆனால் ஒற்றைச் சில்லு வேனில், அதுவும் முன்னால், பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் வேண்டாம் என்பது நம்மட கருத்து. வாதாட விரும்புகிறவர்கள் வாதாடலாம்.

வேன் ஓட்டும் நானாமார் இதை வாசித்தால் கோபம் வரும். நியாயமான கோபம். "மாஸ்டர், நீங்க சொல்றது சரி. காசு யாரு தாற?" என்பார்கள். பெரும்பாலான வேன்கள் லீசிங்கில் ஓடுகின்றன. வெள்ளம் வந்து பாடசாலை மூடினால் அந்த வாரக் கூலி குறைகிறது. விடுமுறை மாதத்தில் அரைவாசி தருவோம் என்று பேரம் பேசுகிற பெற்றோர் நாம்தான். இருநூறு ரூபா குறைவு என்று ஒரு வேனை விட்டு இன்னொரு வேனுக்குப் பிள்ளையை மாற்றுவதும் நாம்தான். குறைந்த விலைக்கு ஏற்றுகிறவர் அந்தக் குறையை எங்கேயோ நிரப்பத்தானே வேண்டும்? டீசலில் குறைக்க முடியாது, லீசிங்கில் குறைக்க முடியாது. யாரும் பார்க்காத இடம் டயர். வருடா வருடம் செய்கிற புகைப் பரிசோதனையில் புகையைத்தான் பார்ப்பார்கள். ஆக, மொட்டை டயருக்கு வேன்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது.

ஒரு கணக்குப் போடுங்கள். வேனில் இருபது குடும்பத்துப் பிள்ளைகள். நாலு டயரின் விலையை இருபதால் பிரித்தால், ஒரு குடும்பத்துக்கு ஒரு டயரின் விலையில் ஐந்தில் ஒன்று. அந்த டயர் இரண்டு வருடம் ஓடினால் அதையும் இருபத்து நாலு மாதத்துக்குப் பிரியுங்கள். வருகிற தொகையை நாம் கடையில் குளிர்பானத்துக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோர் சேர்ந்து, மாதக் கூலிக்கு மேலே 'டயர் காசு' என்று தனியாக ஒரு சிறு தொகை கொடுப்பது, கொடுத்துவிட்டு ஒக்டோபரில் டயரைக் கண்ணால் பார்ப்பது, இதுதான் நாம் முன்வைப்பது. காசைக் கையில் கொடுக்காமல் டயர் கடையிலேயே கட்டலாம். பில்லில் அளவும் பாரக் குறியீடும் எழுதி வாங்கலாம். கொடுப்பவருக்குக் கேட்கிற உரிமை வரும், ஓட்டுபவருக்கும் கௌரவம் குறையாது. காசு தராமல் கேள்வி மட்டும் கேட்கிற கூட்டத்தை எந்த நானாதான் மதிப்பார்?

ஒக்டோபர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் மழைதான் மிக மோசமான வழுக்கல். மாதக்கணக்காக றோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் அந்த முதல் அரை மணி நேரத்தில் கரைந்து சவர்க்காரம் மாதிரி ஆகும். நம்மட பக்கத்தில் அதோடு கடற்கரைப் பக்கத்து மணலும், வயலுக்குப் போய் வருகிற டிரக்டர் சில்லுகள் இறக்கிவிடும் சேறும் சேரும். நவம்பரில் வெள்ளம் வந்த பிறகு டயர் கடை வரிசையில் நிற்பது பிந்திய வேலை.

இரண்டு டயர் மட்டும் வாங்க முடிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மட பழக்கம் புதுசை முன்னால் போடுவது. பெரிய டயர் கம்பனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. முன் சில்லு வழுக்கினால் வண்டி நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் ஓரளவு கட்டுப்பாடு திரும்பி வரும். பின் சில்லு வழுக்கினால் வண்டி சுழலும், சாதாரண ஓட்டுநர் யாராலும் அதைப் பிடிக்க முடியாது. மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு 18 வளைவில் மழையோடு இறங்கி ஏறுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். பெரியாஸ்பத்திரிக்கும் கம்பஸுக்கும் நம்மட சனம் அந்த றோட்டால்தான் போகிறது. ஆனால் இதைச் சாட்டாக வைத்து முன்னால் மொட்டையை விட்டுவைக்கக் கூடாது. மொட்டை எந்தப் பக்கமும் இருக்கக் கூடாது.

டயரால் முடியாத இடமும் இருக்கிறது. தாம்போதியின் மேலால் வெள்ளம் குறுக்கே பாயும்போது எந்த டயரும், எந்தக் கம்பனியும், எந்த ஓட்டுநரின் அனுபவமும் உதவாது. அங்கே தண்ணீர் வண்டியைத் தூக்கும், பக்கவாட்டில் தள்ளும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிய டிரக்டரை வெள்ளம் இழுத்துச் சென்றதை நம்மட ஊர்கள் மறக்கவில்லை. டிரக்டரின் சில்லு ஒரு ஆளின் நெஞ்சுயரம் இருக்கும். அதையே இழுத்த தண்ணீர் வேனை விடுமா? கிட்டங்கியோ மாவடிப்பள்ளியோ, தண்ணீர் குறுக்கே ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கு வராவிட்டால் எந்த ஆசிரியரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

கடைசியாக, இந்த வாரம் செய்யக் கூடியது. ஸ்பெயார் டயரையும் சேர்த்து ஐந்து டயரையும் கழுவி, பிறந்த நாளையும் பாரக் குறியீட்டையும் போனில் படம் பிடித்து வையுங்கள். காற்று எவ்வளவு என்பதை டயரில் பார்க்காதீர்கள், அங்கே எழுதியிருப்பது உச்ச அளவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஜப்பான் வண்டிகளில் அது கேபிஏ என்ற அலகில் இருக்கும், 6.9ஆல் பிரித்தால் பிஎஸ்ஐ வரும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஸ்பெயார் டயர் பனி டயராக இருந்தால் பதற வேண்டாம், பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகக் கொண்டு போய்ச் சேர்க்கும்.